பலெர்மோவில் நான் வேய்ந்த கூரை

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விமானம் பலெர்மோவில் இறங்கியது. ஒரு பக்கம் மொட்டை மலை, மறு பக்கம் கடல், நடுவில் ஓடுபாதை. விமானி கொஞ்சம் அசந்தால் எந்தப் பக்கம் போவோம் என்று யோசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கொழும்பிலிருந்து தோஹா, ரோம் வழியாக ஒரு பகலும் ஓர் இரவும் பயணம். வெளியே என் தங்கையின் கணவர் ரவி காத்து நின்றார். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர்; ரயிலில் ஆளுக்கு ஆறு யூரோ எண்பது சென்ற். எதையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடும்படி ரவி சொன்னார். நான் விடவில்லை. ஏழு நாளும் மாற்றிப் பார்த்தேன், ஏழு நாளும் திடுக்கிட்டேன்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. பிள்ளை கூட்டிப்போக வந்தேன். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருபது வருடங்களாக ஒரு முன்பள்ளி நடத்துகிறேன். கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கப் பழக்கியது நான்தான் என்ற தலைக்கனம் மட்டும் தாராளமாக இருக்கிறது. தங்கை சுகந்தி பலெர்மோவில் ஓர் அசிலோவில் வேலை செய்கிறாள். இங்கே முன்பள்ளியை அப்படித்தான் சொல்கிறார்கள். காலையில் துப்புரவு, பிறகு சமையல், அரைநாள் சம்பளம். இப்போது பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயோதிப சிஞ்ஞோராவைக் கூடவே தங்கிப் பராமரிக்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. முழுநேர ஒப்பந்தம். பெர்மெஸ்ஸோ எனப்படும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போது அப்படி ஒரு கடதாசி கையில் இருந்தால் நெஞ்சு இடிக்காது.

ஆனால் கிழமையில் ஆறு இரவு அங்கேயே தங்கவேண்டும். ரவிக்கோ உணவகத்தில் வேலை முடிய நள்ளிரவாகும். நாலரை வயது நிலானியை யார் பார்ப்பது? என்னிடம் விடு என்று தொலைபேசியில் முதலில் சொன்னவள் நான். சொன்ன கையோடு சின்னக் கட்டில் வாங்கினேன், நுளம்புவலை வாங்கினேன், விஜயதசமிக்கு ஏடு தொடக்க வேண்டுமென்று ஐயரிடமும் சொல்லிவைத்தேன். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியாது.

தங்கையின் வீடு ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை. மூச்சிரைக்க ஏறிப்போய்க் கதவைத் திறந்தால், நிலானி தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சொக்கலேற் கொடுத்தேன், வாங்கினாள். பெயரைக் கேட்டேன், வாய் திறக்கவில்லை. கொண்டுவந்த எழுத்துப் பயிற்சிக் கொப்பியை மேசையில் விரித்துப் பென்சிலைக் கையில் கொடுத்தேன். அதை முஷ்டியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி ஓடிவிட்டாள். என் பள்ளியில் மூன்றரை வயதுப் பிள்ளை உயிரெழுத்துப் பன்னிரண்டையும் வரிசையாக எழுதும். இவளுக்கு ‘அ’ கூட வரவில்லை. நான் வந்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் புறப்பட்டோம். பஸ் சீட்டு ஒரு யூரோ நாற்பது. மத்திய ரயில் நிலையத்தடியில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பழைய நகரம் வருகிறது. ஒடுங்கிய தெரு ஒன்றில் செம்பையும் தகரத்தையும் தட்டும் சத்தம் கேட்டது. மூலையில் இருந்த வீதிப் பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒரே பெயரை இத்தாலியம், எபிரேயம், அரபு என்று மூன்று எழுத்துகளில் பொறித்திருந்தார்கள். இது யூதர்கள் வாழ்ந்த பகுதி என்றும், ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு அரசனின் கட்டளையில் எல்லாரையும் துரத்திவிட்டார்கள் என்றும், இப்போது திரும்பி வந்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் என்றும் சுகந்தி நடந்தபடியே சொன்னாள். துரத்துவது பற்றி எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தக் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் அசிலோதான் இது. பழைய கட்டடமொன்றின் நிலமாடியில் இரண்டு அறை, ஒரு குசினி, நடுவில் கல் பதித்த முற்றம். பதினொரு பிள்ளைகள். ஐந்து பேர் யூத வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் அயலவர்களின் பிள்ளைகள், அவர்களோடு எங்கள் நிலானி. நடத்துபவர் மிரியம், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை எப்போதும் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். குசினியில் மரக்கறி மட்டும்தான். எந்தப் பாத்திரம் எதற்கு என்பதில், கந்தசஷ்டி விரதகாரரின் குசினி போல அத்தனை கண்டிப்பு. சுகந்தி அதைப் பிசகாமல் காப்பதாக மிரியம் என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். தங்கை வெட்கப்பட்டாள், எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடம் என்று பார்த்தால் எனக்கு முதலில் ஏமாற்றம்தான். உட்கார வாங்கு இல்லை, கரும்பலகை இல்லை, வரிசை இல்லை. ஒரு மூலையில் களிமண், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, பெரிய மேசையில் மா. மறுநாள் வெள்ளிக்கிழமை, மாலையில் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும். அதற்கான பாணைப் பிள்ளைகளே பிசைந்து, மூன்று புரியாகத் திரித்துப் பின்னினார்கள். நிலானி தன் கட்டியைக் கிடுகிடுவென்று பின்னிவிட்டுப் பக்கத்துப் பெடியனுக்கும் பின்னிக் கொடுத்தாள். அடுத்த மேசையில் தட்டுகளில் தேனால் எபிரேய எழுத்துகளை வரைந்து வைத்தார் மிரியம். பிள்ளைகள் விரலால் எழுத்தின் மேலே இழுத்துவிட்டு விரலைச் சூப்பினார்கள். ஏடு தொடக்க நாங்கள் நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம். இவர்கள் தேன் போத்தலைத் திறந்தவுடன் தொடங்கிவிடுகிறார்கள். இதெல்லாம் விளையாட்டு, படிப்பு எப்போது என்று தங்கையின் காதில் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

முற்றத்தில் மரச்சட்டங்களால் ஒரு கொட்டில் அரைகுறையாக நின்றது. வெள்ளி மாலை ஓய்வுநாளோடு கூடாரப் பண்டிகையும் சேர்ந்து வருகிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்டவர்கள் நாற்பது வருடம் பாலைவனத்தில் கூடாரங்களில் இருந்ததை நினைத்து, ஒரு கிழமைக்குக் கொட்டிலில் இருந்து சாப்பிட வேண்டுமாம். சுவரைப் பிள்ளைகளே சீலையில் கையச்சுக் குத்திச் செய்திருந்தார்கள். கூரைதான் பாக்கி. வழக்கமாக வேயும் தகப்பன் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய பேரீச்ச மட்டைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. அவற்றைக் கண்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. என் பள்ளியின் வேலிக்கு ஒவ்வொரு வருடமும் தென்னோலையில் கிடுகு பின்னுவது நானும் பெற்றோருமாகத்தான். போன வருடம் கொப்புகளை மேலே சும்மா எறிந்துவிட்டிருந்தார்கள், மழை பெய்து தான் சமைத்த சூப்புக்குள் தண்ணீர் ஒழுகியது என்று சுகந்தியும் எடுத்துக் கொடுத்தாள்.

கூரையை நான் வேய்ந்து தருகிறேன் என்றேன். மிரியம் மகிழ்ந்துபோனார். இலை தழை மட்டும்தான் பாவிக்க வேண்டும், உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதானா என்றேன். பண்டிகைக்கு வேண்டிய பழம் கலாபிரியாவிலிருந்து கப்பலில் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

பேரீச்சை தென்னோலை மாதிரி வளைந்து கொடுக்காது. அடிப்பக்கத்து முள் கையைக் கிழித்தது. விட்டேனா? மட்டையை நெடுக்காகப் பிளந்து, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, இடைவெளி தெரிந்த இடத்தில் இரட்டையாகப் போட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மட்டையை இழுத்துக்கொண்டு வந்து தந்தார்கள். நிலானி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் குந்தியிருந்து என் விரலைப் பார்த்தாள். மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு கிடுகும் மேலே ஏறிவிட்டன. ஒரு வாளி தண்ணீரை எடுத்துக் கூரை மேல் வீசினேன். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கொட்டிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. ஈழத்தமிழர் வேலை என்றால் என்னவென்று நாளைக்குப் பார்க்கட்டும் என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்கு மிரியம் கொட்டிலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டு மறுபடியும் பார்த்தார். பின்னலைத் தடவி, இப்படி ஒரு வேலையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார். கூரை முடிந்தால் என்ன செய்வோம் என்று கேட்டார். பதினொரு பேரும் ஓடிவந்து, ஏதோ பழகிய விளையாட்டு மாதிரி, பாயில் நிரையாக மல்லாந்து படுத்தார்கள். மேலே பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

நிலானி படுத்தபடியே என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“பெரியம்மா, சியேலோ எங்கை?”

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. சியேலோ என்றால் வானம் என்று சுகந்தி மெல்லச் சொன்னாள். பிள்ளைகள் படுத்துப் பார்த்ததைப் போன வருடமும் கண்டிருக்கிறாள்; அதை ஏதோ விளையாட்டென்று நினைத்திருக்கிறாள்.

கூரையின் ஊடாக வானம் தெரிய வேண்டுமாம். இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். மழை வந்தால் உள்ளே விழவும் வேண்டுமாம். ஒழுகாத கூரை போட்டால் அது வீடாகிவிடும், கொட்டில் ஆகாது. நிழல் பாதி விதி, வானம் மறு பாதி. அவசரத்தில் நான் ஒரு பாதியைத்தான் சொன்னேன், பிழை என்னுடையது என்றார் மிரியம். ஒழுகும் வீட்டுக்கு ஓட்டை அடைத்துப் பழகிய சனத்துக்கு, ஓட்டைக்காகக் கூரை போடும் சனமும் உண்டு என்பது எப்படித் தெரியும்? மூக்கு உடைந்துபோய் நின்றேன். கீறிய கை அப்போதுதான் எரியத் தொடங்கியது. சூரியன் மறைய முன் எல்லாம் ஒப்பேற்றியாக வேண்டும். இன்றைக்கு என்னால் இவர்களுக்குப் பண்டிகை இல்லை, தங்கைக்கும் கெட்ட பெயர் என்று நினைத்தேன்.

இருபது வருட ஆசிரியை நான். இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு பெரியாட்களைக் கூப்பிட்டுப் பிரித்து எறிந்து, வேறு போட்டிருப்பேன். மிரியம் பாயில் தானும் உட்கார்ந்து, இப்போது என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைக் கேட்டார். கத்தரிக்கோலால் வெட்டலாம் என்றான் ஒருவன். எல்லாவற்றையும் கழற்றலாம் என்றாள் ஒருத்தி. சிஞ்ஞோராவின் கையில் இரத்தம் வந்தது, கழற்றினால் அவ அழுவா என்றாள் என்னைக் காட்டி இன்னொருத்தி. அப்போது நிலானி எழுந்து நின்றாள். என்னிடம் முகம் காட்டாத அந்தப் பிள்ளை, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சிசிலி இழுவையோடு இத்தாலியத்தில் ஒரு பிரசங்கமே வைத்தாள். முடிந்ததும் என் பக்கம் வந்து, எனக்காக அதையே தமிழில் சொன்னாள்.

“பெரியம்மா, கழட்டத் தேவையில்லை. ஒரு ஓலை விட்டு ஒரு ஓலை இழுத்தாச் சரி. நீங்கள் எப்பிடி கோத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நான் பாத்தனான்.”

ஓம், பார்த்திருந்தாள். வியாழன் முழுக்கப் பேசாமல் குந்தியிருந்தது அதற்குத்தான். கிடுகுகளை இறக்கிப் பாயில் போட்டோம். எந்த ஓலையை இழுத்தால் பின்னல் அவிழாது என்பதை நிலானி காட்டிக் கொடுத்தாள். பதினொரு சோடிக் கை இழுத்தது. இழுத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சொந்தக்காரர் வந்தார்: இது என் நட்சத்திரம், அது உன் நட்சத்திரம் என்று சண்டை. பகல் ஒரு மணிக்குக் கூரை மறுபடியும் மேலே ஏறியது. எல்லாரும் படுத்தார்கள். என்னையும் படுக்கச் சொன்னார்கள். சேலையோடு படுத்தேன். நான் பின்னிய கூரை முழுக்கத் துண்டு துண்டாக நீலம். அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

சனி, ஞாயிறு அசிலோ இல்லை. பகேரியாவுக்கு ரயிலில் போய் அங்குள்ள பழைய மாளிகைகளை வெளியே நின்று பார்த்தோம். சிஞ்ஞோராவின் வீட்டையும் சுகந்தி தூரத்தில் காட்டினாள். பச்சைக் கதவு, மாடி முகப்பில் பூச்சட்டிகள். நல்ல வீடு. அவளும் நல்ல வீடு என்று மட்டும் சொன்னாள். நிலானி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், வாய் ஓயவில்லை.

திங்கள் மதியம் பன்னிரண்டரைக்குக் கொட்டிலில் சாப்பாடு. அதற்கு முன் கலாபிரியாவிலிருந்து வந்த பழத்தைக் கைமாற்றினார்கள். நம் கடாரங்காயைப் போலத் தடித்த தோல், மஞ்சள் நிறம், அப்படி ஒரு வாசனை. அது நொந்துவிடாமல் முட்டையை ஏந்துவதுபோல ஏந்தினார்கள். சூப் பரிமாறியதும் வானம் இருண்டு தூறத் தொடங்கியது. என் கை தன்னாலேயே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தேடியது. யாரும் எழும்பவில்லை. மழையில் சூப் கெட்டுப்போனால்தான் உள்ளே போகலாம் என்பது அவர்களுடைய பழைய விதியாம். எத்தனை துளி விழுந்தால் சூப் கெடும் என்று மிரியம் கேட்டார். பதினொரு பேரும் கோப்பைக்குள் பார்த்து எண்ணத் தொடங்கினார்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்களுக்கு நிலானி எண்ணிக் கொடுத்தாள். நாற்பத்து மூன்றாவது துளியில் ஒரு சின்னவன் ருசி பார்த்து, இன்னும் நல்லாயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். கொப்பியில் ஒரு எழுத்தும் எழுதாத பிள்ளை மழையை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம்தான் எனக்கு என் பள்ளியின் வாங்குகள் நினைவுக்கு வந்தன. கொடிகாமத்தில் இவளை எங்கே உட்காரவைப்பேன்? இரண்டாம் வாங்கில், மூன்றாவதாக. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று முதலில் சொல்லப்போவதும் நான்தான்.

திங்கள் இரவு ரவி வேலைக்குப் போன பிறகு, நிலானியைப் படுக்கவைத்துவிட்டு, குசினி மேசையில் தங்கைக்கு முன்னால் இருந்தேன்.

“சுகந்தி, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேல்லை.”

அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பகேரியா வீட்டுக்காரருக்குச் சொல்லி, நாளும் குறித்தாயிற்று. எல்லாம் என் வாயை நம்பித்தான். அவளோ முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள்.

“நீங்கள் அவ்வளவு ஆசையாக் கேட்டியள் அக்கா. கட்டில் வாங்கிப் படமும் அனுப்பினியள். மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

அவளுக்கு உதவுகிறேன் என்று நான் நினைத்தேன். எனக்கு உதவுவதாக அவள் நினைத்திருக்கிறாள். இடையில் ஒரு பிள்ளை கடல் கடக்க இருந்தது. நானும் அழுதேன். ஆசைதான். இப்போதும் ஆசைதான். அந்தக் கட்டிலில் அவள் படுப்பாள் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

செவ்வாய் காலை சுகந்தி பகேரியாவுக்குத் தொலைபேசி எடுத்து, வர முடியாது என்றாள். சிஞ்ஞோராவின் மகள் நன்றாகக் கத்தினார்; எனக்கு மொழி விளங்காவிட்டாலும் கத்தல் விளங்கியது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இனி இரண்டு அரைநாள் வேலைக் கடதாசிகளைச் சேர்த்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கவேண்டும். பின்னேரத்துக்கு ஒரு வீடு துப்புரவு செய்யும் வேலை தேடவேண்டும். ரவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை மச்சாள். ரெண்டு பேரும் உழைக்கிறது அவளுக்குத்தானே. அவள் இல்லாத வீட்டுக்கு வந்து நான் என்ன செய்யிறது?” என்றார்.

நான் ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடுவேன் என்று வாசிப்பவர்கள் நினைக்க வேண்டாம். எனக்கு முப்பத்தாறு பிள்ளைகள், ஓர் உதவி ஆசிரியை, தைப்பொங்கலுக்குள் ‘ஃ’ வரை எழுதிக் காட்டச் சொல்லும் பெற்றோர். மிரியத்தைப் போல ஒரு நாள் முழுக்க ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமையும் கிடையாது. ஆனால் ஒரு பிழை நடந்தால் அதைச் செய்தவரைத் திருத்தாமல், பிழையைப் பிள்ளைகளுக்கு நடுவில் விரித்து வைக்கலாம் என்பதை ஐம்பது வயதை நெருங்கும்போது கண்டுகொண்டேன். அதுவும் என் பிழையை வைத்தே.

புதன் காலை ஒன்பதரைக்கு ரவி என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வேலைக்கு ஓடினார். வரிசை நீளமில்லை. பதிவு மேசையில் இருந்த இளம்பெண் என் கடவுச்சீட்டை வாங்கிக் கணினியைப் பார்த்தாள். இரண்டு பேருக்குப் பதிவு இருக்கிறது, மற்றவருக்கு நாலு வயது என்றாள் ஆங்கிலத்தில். பிள்ளை உயரம் போதாமல் மேசைக்குக் கீழே நிற்கிறது என்று நினைத்தாளாக்கும், கதிரையிலிருந்து எழும்பி, முன்னால் சாய்ந்து, என் காலடியை எட்டிப் பார்த்தாள். அங்கே என் கைப்பை மட்டும்தான் இருந்தது. பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் என்றேன்.